பதுங்குகுழியில் இன்னொரு நாற்காலி போடுங்கள்

தோற்ற சர்வாதிகாரியின் மண்டைக்குள் கேமரா வைக்க ஆசைப்படும் இயக்குநர்களுக்கும், திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும், அந்த மீசையை ஒட்டிக்கொள்ளத் துணியும் நடிகர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. நீங்கள் எடுக்கும் அந்தக் குறிப்பிட்ட வகைப் படத்தை மட்டும் நன்றாகத் தெரியும். 1945 ஏப்ரல் 30 அன்று ஹிட்லர் சாகவில்லை, அல்லது செத்தும் சாகாமல் ஏதோ ஓர் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கிறான். நிலத்துக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை. அவன் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே போக, ஒருவர் தட்டச்சு செய்கிறார். சுவரில் பழைய செய்திப்படங்கள் ஓடுகின்றன. செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்து எதிரே நிற்கிறார்கள். கடைசி அரை மணி நேரத்தில் அவன் உடைகிறான். இதே கற்பனையில் ஏற்கெனவே படம் வந்திருக்கிறது, இனியும் வரும்.

இந்த வகைப் படம் எனக்குப் பிடிக்கும், அதனால்தான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் மடல் எழுத மாட்டார்கள், பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

இந்த மடல் முழுக்க அவனை 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். 'அவர்' என்று எழுத விரல் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் சந்தேகமெல்லாம் அந்தக் கடைசி அரை மணி நேரத்தின் மேல்தான். அவன் உடைவான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

உங்கள் கற்பனைக்கு மிக அருகில் வரும் ஓர் இரவு நிஜமாகவே நடந்திருக்கிறது. ஏப்ரல் 28 நள்ளிரவு தாண்டிய நேரம். பெர்லினில் சான்சலர் மாளிகைத் தோட்டத்துக்கு அடியில் இருந்த பதுங்குகுழி. சோவியத் படை சில தெருக்கள் தள்ளி நிற்கிறது. அவன் தன் செயலாளரைக் கூப்பிட்டு, தன் உயிலைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொல்கிறான். ட்ரவுட்ல் யுங்கே, வயது 25. சுருக்கெழுத்து நோட்டோடு எதிரே உட்காருகிறார். அப்போது தன் மனத்தில் என்ன ஓடியது என்பதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இப்போதாவது உண்மை வரும், இவ்வளவு சாவும் எதற்காக என்பதை உலகத்திலேயே முதல் ஆளாகக் கேட்கப்போகிறோம் என்று நினைத்தாராம். வந்ததோ கூட்டங்களில் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே வாக்கியங்கள். போரை நான் விரும்பவில்லை, எல்லாவற்றுக்கும் யூதர்களே காரணம், இனச் சட்டங்களை விடாமல் காப்பாற்றுங்கள். ஆறு ஆண்டுப் போருக்கும், கோடிக்கணக்கான பிணங்களுக்கும், தலைக்கு மேல் விழுந்துகொண்டிருக்கும் குண்டுகளுக்கும் பிறகு அந்த மனத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

1919 செப்டம்பரில், யாரென்றே தெரியாத ஒரு ராணுவச் சிப்பாயாக, யூதர்களை அடியோடு அகற்ற வேண்டும் என்று அவன் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. அதையும் 1945 உயிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 25 ஆண்டுகள் போயிருப்பது தெரியாது. திரைக்கதையில் பாத்திர வளர்ச்சி என்று எதையோ சொல்வீர்களே, அது இங்கே பூஜ்யம்.

அதனால்தான் 'சர்வாதிகாரியின் மனதுக்குள் ஒரு பயணம்' என்று போஸ்டரில் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. பூட்டிய பெட்டி என்றால் உள்ளே ஏதோ இருக்கும் என்ற நினைப்பு அது. பெட்டி பூட்டப்படவே இல்லை. உள்ளே இருந்ததை எல்லாம் அவன் ஒலிபெருக்கியில் கத்திக் கத்தி 25 வருடமாக வெளியே கொட்டிவிட்டான்.

தோற்ற அரசனின் மனம் என்றால் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இராவணன்தான். முதல் நாள் போரில் எல்லாவற்றையும் களத்திலே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊருக்குள் நுழைகிறான். வானவர் சிரிப்பார்களே, மண்ணுலகம் சிரிக்குமே என்பதெல்லாம் அவனுக்கு உறைக்கவில்லை, சீதை சிரிப்பாளே என்றுதான் கூனிக் குறுகுகிறான். கம்பன் அந்த ஒரு வெட்கத்தைக் கண்டுபிடித்ததால்தான் அந்த இரவுக்குள் நம்மால் நுழைய முடிகிறது. யாரோ ஒருவர் முன்னால் தலை குனிகிறவனுக்குத்தான் உள்ளே ஓர் அறை இருக்கும். உங்கள் ஆளுக்கு அப்படி யாராவது இருந்தார்களா? தேடிப் பார்த்தேன். ஜெர்மன் மக்கள்? போரில் தோற்ற மக்கள் பிழைத்திருக்கத் தகுதியில்லை என்ற ரீதியில் பேசியவன், மார்ச் 19 அன்று நாட்டின் பாலங்களையும் ஆலைகளையும் ரயில் பாதைகளையும் தகர்த்துவிடும்படி உத்தரவே போட்டான். ஏவா பிரவுன்? அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விஷம் கடித்தார். வெட்கப்பட ஆள் இல்லாத ஒருவனை இரண்டு மணி நேரம் தனியே அறையில் உட்காரவைத்தால் உங்களுக்குக் கிடைப்பது பிரசங்கம்தான், நாடகம் அல்ல.

தோற்றவர்கள் தங்கள் செயலைத் திரையில் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் கற்பனை தேவையில்லை. 1945 நவம்பர் 29, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம். வதைமுகாம்களில் நேச நாட்டுப் படைகள் எடுத்த காட்சிகளைத் தொகுத்து ஒரு மணி நேரப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். அறை இருட்டு. ஆனால் குற்றவாளிக் கூண்டில் மட்டும் விளக்கு எரிந்தது, முகங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக. யோசித்துப் பாருங்கள், அந்த அறையில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் பிணக்குவியல், இன்னொன்றில் அவனுடைய சகாக்கள் கோரிங், ஹெஸ், ரிப்பன்ட்ராப், கைட்டல். வங்கியாளர் ஷாஹ்ட் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சிலர் அழுதார்கள். உளவியலாளர் குஸ்தாவ் கில்பர்ட் கூண்டருகே நின்று ஒவ்வொரு முகமாகக் குறித்துக்கொண்டார். அன்று இரவு கோரிங்கிடம் பேசினால் அவனுடைய கவலை வேறு. பிற்பகல் எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, இந்தப் படத்தைப் போட்டுக் கெடுத்துவிட்டார்களே என்று சலித்துக்கொண்டான்.

தோற்ற மனத்தைப் பற்றி நான் படித்ததிலேயே மிக நேர்மையான காட்சி இதுதான். கண்ணீரோ ஆவியோ கண்ணாடி உடைவதோ கிடையாது. ஒரு நல்ல பிற்பகல் வீணாய்ப்போன எரிச்சல் மட்டும்.

நீங்கள் கேட்கலாம், அப்படியானால் இந்தப் படத்தை எடுக்கவே கூடாதா என்று. எடுங்கள். ஆனால் அறையில் இன்னொரு நாற்காலி போடுங்கள், அதில் உட்காருகிறவருக்கு முகமும் வாயும் கொடுங்கள். என் கோரிக்கையே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

முதல் காரணம் பயம். தோற்றவனைத் தனியே பேசவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை அனுபவித்துவிட்டது, அதுவும் இதே ஆளிடம். 1923 நவம்பரில் முனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றான். நான்கு போலீஸ்காரர்கள் செத்தார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. 1924 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது, நீதிபதி அவனை மணிக்கணக்கில் பேசவிட்டார். குற்றவாளியாக உள்ளே போனவன் நாடு முழுக்கத் தெரிந்த தலைவனாக வெளியே வந்தான். ஐந்தாண்டுத் தண்டனை, லாண்ட்ஸ்பெர்க் சிறையில் வசதியான அறை, பார்க்க வந்து குவிந்த கூட்டம், எழுதக் காகிதம். அந்த டிசம்பர் 20ஆம் தேதியே வெளியே விட்டுவிட்டார்கள். உள்ளே எழுதத் தொடங்கிய புத்தகத்தைத் தன் பக்கம் செத்த 16 பேருக்குச் சமர்ப்பணம் செய்தான். அந்த நான்கு போலீஸ்காரர்களின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

தோல்வியைச் சொல்லி எழுதவைத்து வெற்றியாக மாற்றும் வித்தை அவனுக்கு முன்பே இருந்தது. செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் ஐந்தரை ஆண்டு அதைத்தான் செய்தான். கூட இருந்தவர்கள் எழுதி எழுதிக் கொண்டுவந்து அச்சிட்டார்கள், ஐரோப்பா விழுந்து விழுந்து படித்தது. 1848இல் அவன் தம்பி மகன் பிரான்ஸின் ஜனாதிபதி, நான்கு ஆண்டில் பேரரசன். ஆக, 'தோற்றவன் பேசுகிறான், ஒருவர் எழுதுகிறார்' என்பது உங்களுக்கு வெறும் கதைச் சட்டகமாகத் தெரியலாம். வரலாற்றில் அது வேலை செய்த ஆயுதம்.

அப்புறம், உங்களில் சிலர் அந்த இன்னொரு நாற்காலியைப் போடத்தான் செய்கிறீர்கள். ஆனால் அதில் யாரை உட்காரவைக்கிறீர்கள்? பெரும்பாலும் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டை. மனம் என்றதும் உங்களுக்கு அவர் ஞாபகம் வருவது இயல்புதான். சுருட்டும் தாடியுமாக வந்து அவனுடைய அம்மாவைப் பற்றிக் கேள்வி கேட்பார், அவனும் கொஞ்சம் கலங்குவான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஃப்ராய்டு மருத்துவராக மட்டும் வருவதுதான் எனக்கு உறுத்துகிறது. 1938 ஜூனில் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டு ஓடிய 82 வயது யூத முதியவர் அவர். லண்டனில் அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். வியன்னாவில் விட்டுவந்த அவருடைய நான்கு தங்கைகளும் பிற்பாடு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். நிஜ வாழ்க்கையில் அது தெரியாமலே அவர் போய்விட்டார். உங்கள் படம்தான் கற்பனை ஆயிற்றே, செத்தவர்கள் எல்லாம் வருகிறார்களே. அங்கே அவருக்கு அது தெரிந்திருக்கட்டும். அம்மாவைப் பற்றிய கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் நான்கு பெயர்களைச் சொல்லட்டும். ரோசா, மரி, அடோல்ஃபினா, பவுலா.

அம்மா என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். அவனுடைய தாய் கிளாரா 1907 டிசம்பரில் மார்புப் புற்றுநோயில் இறந்தபோது கூட இருந்து பார்த்த டாக்டர் எடுவார்ட் பிளாக் ஒரு யூதர். அவருக்கு அவன் நன்றி சொன்னான். ஆஸ்திரியாவை விழுங்கியபின் அவரை மட்டும் தொடாமல் பாதுகாத்து, 1940இல் அமெரிக்கா போகவும் விட்டான். இதைப் பார்த்து 'அவனுக்குள்ளும் ஈரம் இருந்தது' என்று எழுதிவிடாதீர்கள். ஒருவரை மனிதராகப் பார்க்கத் தெரிந்திருந்தும் மற்றவர்களைப் பார்க்க மறுத்தான் என்பதற்கான சாட்சி அது. அந்த மருத்துவரையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்கலாம். என்னை ஏன் விட்டாய் என்று அவர் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அடுத்தது படத்தின் அழகு. இதை எழுதத்தான் அதிகம் தயங்கினேன், ஏனென்றால் உங்கள் ஒளிப்பதிவாளர்கள் திறமைசாலிகள்.

1945 பிப்ரவரியில் கட்டடக் கலைஞர் ஹெர்மன் கீஸ்லர் லின்ட்ஸ் நகரத்தின் மாதிரி ஒன்றைச் செய்து சான்சலர் மாளிகையின் நிலவறையில் கொண்டுவந்து வைத்தார். அவன் வளர்ந்த ஊருக்குப் பக்கத்து நகரம், கடைசிக் காலத்தில் ஓய்வெடுக்க ஆசைப்பட்ட இடம். கலைக்கூடம், மணிக்கூண்டு, டானூப் கரை நெடுகக் கட்டடங்கள். காலை வெயிலில் எப்படி இருக்கும், மாலையில் எப்படி இருக்கும் என்று விளக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அவன் அதன் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். மேலே நிஜ பெர்லின் எரிந்துகொண்டிருந்தது.

எந்த இயக்குநருக்கும் கை துறுதுறுக்கும் காட்சி இது. ஒளி, நிழல், குட்டிக் கோபுரங்கள் நடுவே பெரிய சோர்ந்த முகம், மெல்ல ஒரு செல்லோ. வியன்னா கலைக் கல்லூரி 1907இலும் 1908இலும் கதவைச் சாத்திய ஓவியன், கடைசியில் தன் கனவுமுன் அமர்ந்திருக்கிறான். பார்க்கிறவர் தொண்டை அடைத்துவிடும். அங்கேதான் நீங்கள் தோற்கிறீர்கள்.

அந்த மாதிரியில் காட்டப்படாத ஒன்று லின்ட்ஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் நிஜமாகவே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. மவுட்ஹவுசன் வதைமுகாம், 1938 ஆகஸ்ட் முதல். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே கருங்கல் குவாரிக்காக. அவனுடைய கட்டடக் கனவுகளுக்குக் கல் வேண்டும் அல்லவா? குவாரியிலிருந்து மேலே ஏற 186 படிகள். கைதிகள் முதுகில் கல்லைச் சுமந்து ஏறினார்கள். விழுந்தவர் பின்னால் வருகிறவர்மேல் விழுந்தார். அந்த முகாமிலும் அதன் கிளைகளிலும் அடைபட்ட சுமார் 1,90,000 பேரில் குறைந்தது 90,000 பேர் மாண்டார்கள். அவன் மாதிரி நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த பிப்ரவரி மாலைகளிலும் அந்த முகாம் இயங்கிக்கொண்டிருந்தது.

மாதிரியைக் காட்டுங்கள். ஒரே ஒரு வெட்டு, அடுத்த ஷாட் படிக்கட்டு. செல்லோ வேண்டாம்.

அவனே ஓர் இயக்குநர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1920களில் ஹைன்ரிஹ் ஹோஃப்மன் என்ற புகைப்படக்காரர் முன் நின்று, எந்தச் சொல்லுக்கு எந்தக் கை உயர வேண்டும், எப்போது முஷ்டி மடக்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தான். படங்களைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டு, அவற்றை வெளியிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டான். நாம் இன்று 'ஹிட்லர்' என்று மனத்தில் பார்ப்பதில் பாதி அவன் தேர்ந்தெடுத்த கோணங்கள். கீழேயிருந்து மேலே பார்க்கும் ஷாட் வைக்கிற ஒவ்வொரு முறையும் அவனுக்கு நீங்கள் உதவி இயக்குநர் வேலை பார்க்கிறீர்கள். 1945 மார்ச்சில் எடுத்த கடைசிச் செய்திப்படத்தில், பதக்கம் வாங்க வரிசையில் நிற்கும் சிறுவர்களின் கன்னத்தைத் தட்டுகிறான். இடது கை முதுகுக்குப் பின்னால். முன்னாலிருந்து பார்த்தால் கம்பீரம். எஞ்சியிருக்கும் ஒரு துண்டுக் காட்சியில் கேமரா பின்பக்கம் இருக்கிறது, அந்தக் கை விடாமல் நடுங்குகிறது.

நடிகர்களுக்குத் தனியாக ஒன்று. தயவுசெய்து குறைவாகக் கத்துங்கள். 2004இல் வந்த 'டவுன்ஃபால்' என்ற ஜெர்மன் படத்தின் அந்தக் கத்தல் காட்சிக்கு உலகமே இஷ்டப்பட்ட வசனம் எழுதிச் சிரித்து முடித்துவிட்டது, இனி எவர் கத்தினாலும் சிரிப்புதான் வரும். 1942 ஜூன் 4 அன்று ஃபின்லாந்துப் படைத் தளபதி மானர்ஹைமின் 75ஆவது பிறந்தநாளுக்கு அவன் ஃபின்லாந்து போனபோது, ஒரு வானொலிப் பொறியாளர் ரகசியமாகச் சுமார் 11 நிமிடம் பதிவு செய்துவிட்டார். மெய்க்காவலர்கள் கண்டுபிடித்து நிறுத்தினார்கள், ஆனால் நாடா தப்பிவிட்டது. கனத்த, தாழ்ந்த, சோர்ந்த குரல். ஒரு நாட்டிடம் 35,000 டாங்குகள் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பேன் என்று சோவியத் படையைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கணக்கு தப்பிய ஒரு வியாபாரியைப்போல. அந்தப் பேச்சில் செத்தவர்கள் யாரும் இல்லை, டாங்குகள்தான். கத்தலைவிட இது எனக்குப் பயம் தருகிறது.

இன்னும் ஒன்று, 'அவன் தப்பிவிட்டான்' என்ற கற்பனையைப் பற்றி. அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வதந்திக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கட்டும். 1945 மே மாதத் தொடக்கத்திலேயே சோவியத் உளவுப் பிரிவு எரிந்த உடலைக் கண்டுபிடித்தது. தாடை எலும்பை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, மொழிபெயர்ப்பாளர் எலேனா ர்ஷேவ்ஸ்கயாவிடம் ஒப்படைத்தார்கள். வெற்றியைக் கொண்டாடிக் கூட்டம் குடித்துக்கொண்டிருக்க, அவர் பெட்டியைக் கீழே வைக்காமல் சுமந்துகொண்டிருந்தார். பல் மருத்துவரின் உதவியாளர் கேத்தே ஹாய்சர்மன் அது அவனுடைய பல்தான் என்று அடையாளம் காட்டினார். ஆனால் ஸ்டாலின் அதை வெளியே சொல்லவில்லை. ஜூலையில் பாட்ஸ்டாமில், அவன் உயிரோடு எங்காவது இருக்கலாம் என்று மற்றத் தலைவர்களிடமே சொன்னார். உண்மையைத் தெரிந்த ஹாய்சர்மனைச் சோவியத் சிறைக்குக் கொண்டுபோனார்கள், 1955இல்தான் ஊர் திரும்பினார். அவன் உயிரோடு இருப்பதாக உங்கள் படத்தில் காட்டும்போது, அவன் சாவுக்குச் சாட்சி சொன்னதற்காகப் பத்தாண்டு இழந்த ஒரு பெண்ணின் மேல் நின்றுகொண்டுதான் காட்டுகிறீர்கள். ஒருவேளை அந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர் அவர்தானோ என்றும் தோன்றுகிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப யுங்கேயிடம்தான் வந்து நிற்கிறேன். நல்லவர் என்பதால் அல்ல. பல ஆண்டுகள் 'எனக்கு ஒன்றும் தெரியாது, சின்னப் பெண்' என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டவர். ஒருநாள், நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை விநியோகித்த மாணவி சோஃபி ஷோலின் நினைவுப் பலகையைக் கடந்து போகிறார். சோஃபி தன்னைவிட ஒரு வயது சின்னவள், தான் ஹிட்லரிடம் வேலைக்குச் சேர்ந்த காலத்தை ஒட்டியே அவள் தலை வெட்டப்பட்டாள் என்பது அப்போதுதான் உறைக்கிறது. வயது ஒரு சாக்கு ஆகாது என்று பிறகு கேமரா முன் சொன்னார், 2002இல் இறந்துபோனார். நீங்கள் தேடும் அந்த உடைதல் அந்த அறையில் நடக்கத்தான் செய்தது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம், பென்சில் பிடித்திருந்தவரிடம். அதுவும் பல ஆண்டுகள் தாமதமாக.

அதனால் உங்கள் கடைசிக் காட்சிக்கு ஒரு யோசனை மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். ஏப்ரல் 30 பிற்பகல். அவன் விடைபெற்றுக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். யுங்கே படிக்கட்டுப் பக்கம் வருகிறார். பிரசார அமைச்சர் கோயபல்ஸின் ஆறு பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், மதியச் சாப்பாடு கொடுக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள். மூத்தவளுக்கு 12, கடைக்குட்டிக்கு 4. அவர் ரொட்டியும் பழமும் தேடி எடுத்து அவர்களுக்குச் சாப்பிடக் கொடுக்கிறார். அப்போது வெடிச் சத்தம் ஒன்று கேட்கிறது. பதுங்குகுழியில் பிறகு எல்லாம் அமைதி. குண்டு நன்றாகக் குறி பார்த்து விழுந்தது என்று நினைத்து ஒன்பது வயது ஹெல்முட் 'சரியான அடி!' என்று குதூகலிக்கிறான். மறுநாள் அந்த ஆறு பேரும் உயிரோடு இல்லை, பெற்றவர்களே விஷம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

சத்தம் கேட்கும் அந்த நொடியில் கேமரா அவன் அறைக்குள் போக வேண்டாம். படிக்கட்டிலேயே இருக்கட்டும், ரொட்டி சாப்பிடும் பிள்ளைகளோடு.

இப்படிக்கு,
உங்கள் படங்களை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவன்